ஏரியை முன்கூட்டியே திறப்பதா, தேக்கி வைப்பதா: முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை மனுவில் எப்படி எழுதுவது?

கரையோரம் (ஜாபர்கான்பேட்டை) கேட்டது:

வணக்கம். அடையாற்றங்கரையில் உள்ள சில குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நீர்வளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு மனு கொடுக்கிறோம். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரை எந்த நிலையில், எவ்வளவு திறப்பது என்பதற்கு முன்பே எழுதி வெளியிட்ட விதி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி, கனமழை அறிவிப்பு வந்தவுடனேயே ஏரியைத் திறந்து இடம் உண்டாக்க வேண்டும்."

இந்த வரிதான் உறுத்துகிறது. 2015 டிசம்பர் 1 அன்று, சென்னைப் பெருவெள்ளத்தின்போது, வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டதைக் காட்டி நாம் 'முன்னெச்சரிக்கை' என்கிறோம். ஆனால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எனச் சென்னையின் குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தடவைக்கு 25 லட்சம் லிட்டர் ஏற்றி வந்ததைக் காட்டி, "வரும் மழையை நம்பி இருக்கும் தண்ணீரைக் கடலுக்கு விடாதே, அதுதான் முன்னெச்சரிக்கை" என்று இன்னொருவர் சொன்னால் என்ன பதில்?

மூன்று விஷயம் தெரிய வேண்டும். இந்தக் கோட்பாடு சட்டப்படி இங்கே செல்லுமா? இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கும்போது எதை வைத்து எடை போடுவது? அதிகாரிகள் "பரிசீலிக்கப்படும்" என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட முடியாத மாதிரி எப்படி எழுதுவது?

---

சட்டக்குறிப்பு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றவற்றுக்கு நீரியல் தெரிந்தவர்கள் வரட்டும்.

1992 ரியோ பிரகடனத்தின் 15-ஆவது கோட்பாடு சொல்வது இதுதான்: கடுமையான அல்லது மீட்க முடியாத கேடு வரும் அச்சுறுத்தல் இருந்தால், முழுமையான அறிவியல் உறுதி கிடைக்கவில்லை என்பதைச் சாக்காக வைத்து, செலவுக்கு ஏற்ற பலன் தரும் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. இது இந்தியச் சட்டத்துக்குள் வந்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் வழியாக. வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28. தோல் பதனிடும் ஆலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு கோட்பாட்டை மூன்று அங்கமாகப் பிரித்தது:

ஒன்று, அரசும் சட்டபூர்வ அமைப்புகளும் சுற்றுச்சூழல் கேட்டின் காரணங்களை முன்கூட்டியே கணித்து, தடுத்து, எதிர்கொள்ள வேண்டும். இரண்டு, கடுமையான, மீட்க முடியாத கேடு வரும் என்றால் அறிவியல் உறுதியின்மை தாமதத்துக்குக் காரணம் ஆகாது. மூன்று, தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தச் செயலைச் செய்பவருடையது. கவனிக்க வேண்டியது: ரியோ வாசகத்தில் இருந்த 'செலவுக்கு ஏற்ற பலன்' என்ற நிபந்தனை இந்த மூன்றில் இல்லை. அதனால் பலர் இந்தக் கோட்பாட்டைச் செலவே பார்க்காத ஒன்று என்று நினைத்து வாதாடிவிட்டு, கடைசியில் சிரமப்படுகிறார்கள்.

நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றி விரிவாகப் பேசியது 1999-இன் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் எம்.வி. நாயுடு வழக்கு. ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளான உஸ்மான் சாகர், இமாயத் சாகரைச் சுற்றி 10 கி.மீ.க்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை கூடாது என்ற அரசாணைக்கு எதிரான விவகாரம். இருக்கும் நிலையை மாற்ற வருபவரே பாதுகாப்பைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் ஐயத்தின் பலன் சுற்றுச்சூழலுக்கு என்பது அதன் சாரம். 2010-இன் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், பிரிவு 20, தீர்ப்பாயம் இந்தக் கோட்பாட்டைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்கிறது. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

இனி உங்கள் வழக்கு. ஏரியைத் திறப்பவரும் அரசு, தேக்குபவரும் அரசு, குடிநீர் கொடுப்பவரும் அரசு. 'செயலைச் செய்பவர்' எதிர் 'பாதிக்கப்படுபவர்' என்ற அமைப்பே இல்லாததால் மூன்றாவது அங்கம் இங்கே பயன்படாது. இன்னொரு தடையும் உண்டு. 2000-இல் நர்மதா அணை வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரூபிக்கும் பொறுப்பை மாற்றிப் போடுவது விளைவு தெரியாத மாசுத் தொழில்களுக்குத்தான், அணையின் விளைவுகள் தெரிந்தவை, அவற்றைத் தணிக்க வழி இருக்கிறதா என்பதே கேள்வி என்று வேறுபடுத்திவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் எடுப்பார்.

ஆகவே முதல் அங்கத்தை மட்டும் பிடியுங்கள்: முன்கூட்டியே கணித்துத் தயாராக இருப்பது அரசின் கடமை. அதிலிருந்து 'ஏரியைத் திற' என்ற கட்டளை பிறக்காது. 'எப்போது திறப்பாய் என்று முன்பே எழுதி வை' என்ற கட்டளை நன்றாகவே பிறக்கும். பிந்தையதைக் கேளுங்கள்.

---

கலங்கல் எழுதியது:

சார், உங்கள் வரைவு வரியில் இரண்டு தவறு இருக்கிறது. கணக்கைப் போட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

முதலாவது, 'கனமழை' என்ற சொல். வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. நவம்பரில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்குக் கனமழை அறிவிப்பு வருவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் ஏரியைத் திறந்தால் பருவம் முடியும்போது கையில் ஒன்றும் இருக்காது. 2019 திரும்பவும் வரும்.

இரண்டாவது, 'வந்தவுடனேயே' திறந்தாலும் இடம் உடனே கிடைத்துவிடாது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் 500 மில்லியன் கன அடி இடம் காலி செய்ய வேண்டும் என்று வையுங்கள். வினாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் வெளியேறுவது 86.4 மில்லியன் கன அடி. அப்படியென்றால்:

1,000 கன அடி வீதம் திறந்தால் 5.8 நாள்.
2,000 என்றால் 2.9 நாள்.
5,000 என்றால் 28 மணி நேரம்.

இதெல்லாம் ஏரிக்கு நீர்வரத்தே இல்லை என்ற கணக்கு. வரத்து 800 கன அடி இருக்கும்போது 1,000 திறந்தால், ஒரு நாளைக்கு 17 மில்லியன் கன அடிதான் இறங்கும். செய்தியில் "1,000 கன அடி திறப்பு" என்று பார்த்து ஏரி காலியாகிறது என்று மக்கள் நினைப்பது இங்கேதான் தப்பாகிறது.

இப்போது அந்த 500 மில்லியன் கன அடி என்ன பாதுகாப்பு தருகிறது என்று பாருங்கள். பெருமழையில் வரத்து வினாடிக்கு 20,000 கன அடி ஆனால், ஒரு சொட்டு வெளியே விடாமல் தேக்கினாலும் அந்த இடம் 7 மணி நேரத்தில் நிரம்பிவிடும். 5,000 வெளியே விட்டுக்கொண்டே தேக்கினால் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது நீங்கள் வாங்குவது வெள்ளத்தின் உச்சியை நறுக்க ஏழு முதல் ஒன்பது மணி நேரம். சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தைக் காலி செய்ய அந்த நேரம் பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விலை? 500 மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 1,416 கோடி லிட்டர். நகரத்துக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் விநியோகம் என்று வைத்தால், 14 நாள் குடிநீர். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024 பிப்ரவரியில் திறந்த 15 கோடி லிட்டர் ஆலையும் முழுத் திறனில் 57 நாள் ஓடினால்தான் அதை ஈடுகட்ட முடியும்.

சங்கங்களில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தவர்கள் இருந்தால் அவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வரும் வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் வழியாக வருவது. செம்பரம்பாக்கத்தை மொத்தமாகக் காலி செய்தாலும் அவர்களுக்கு ஓர் அங்குலம்கூடக் குறையாது. அவர்களுக்கு வேண்டியது வேறு மனு.

எதைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்றால், மழை அறிவிப்பு பாதி, நிலத்தின் நிலைமை பாதி. 100 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 10 செ.மீ. மழை விழுந்தால் மொத்தம் 353 மில்லியன் கன அடி. அக்டோபர் தொடக்கத்தில் மண் காய்ந்து, மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் பாதி கிடந்தால் அதில் சிறு பங்குதான் செம்பரம்பாக்கம் வந்து சேரும். அதே மழை நவம்பர் கடைசியில், மேல் ஏரிகளில் கலங்கல் பாயும்போது, அதாவது ஏரி நிறைந்து உபரி நீர் வழியும்போது, விழுந்தால் பெரும்பகுதி வந்துவிடும். 2015-இல் நவம்பர் முழுக்கப் பெய்து எல்லாம் நிறைந்த பிறகுதான் டிசம்பர் 1 வந்தது. எனவே 'மேல் ஏரிகள் கலங்கல் பாய்கிறதா' என்பதுதான் முதல் அடையாளம். இதற்கு எந்த மாதிரிக் கணிப்பும் வேண்டாம், ஓர் ஆள் பைக்கில் போய்ப் பார்த்துச் சொல்லலாம்.

செலவே இல்லாத ஒரு படியும் இருக்கிறது, அதை மனுவில் முதலில் வையுங்கள். பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்கு நீர் வந்துகொண்டிருந்தால், பெருமழை அறிவிப்பு வந்ததும் அதை நிறுத்துவது. மழை பொய்த்தால் மறுநாள் திறந்துகொள்ளலாம். ஒன்றும் இழப்பில்லை.

---

நிகழ்தகவு எழுதியது:

கலங்கல் சார் தந்த எண்களை வைத்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம்.

'மிக மோசமான விளைவைத் தவிர்' என்பதை மட்டும் விதியாக வைத்தால், ஏரி எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பதில் வறட்சியை மோசமான விளைவாக எடுத்தால் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் இந்தக் கோட்பாட்டின் மீது வைக்கும் முக்கியக் குற்றச்சாட்டே இதுதான்: ஆபத்து எல்லாப் பக்கமும் இருக்கும்போது கோட்பாடு எந்தப் பக்கமும் நகர விடாது, நாம் எந்த ஆபத்தை அதிகம் நினைக்கிறோமோ அந்தப் பக்கம் சாய்கிறோம். குற்றச்சாட்டு சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்து இழப்பைத் திரும்பப் பெற முடியும் என்று கேட்டால் வழி பிறக்கும்.

எளிய சூத்திரம் முதலில். 2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தினார்கள். நிறுத்தும் செலவு, அலைச்சலையும் சேர்த்து 300 ரூபாய். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் 60,000 ரூபாய். 300-ஐ 60,000-ஆல் வகுத்தால் 0.5 சதவீதம். தெருவில் நீர் ஏறும் வாய்ப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே காரை ஏற்றுவது சரி. 16-ஆம் தேதி எதிர்பார்த்த மழை வராமல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே போனது. அதனால் அந்த முடிவு தவறாகிவிடாது. இப்படிப்பட்ட விதியில் பெரும்பாலான தடவை 'வீண்' ஆவதுதான் இயல்பு. அதை முன்பே சொல்லி வைக்காததால்தான் நாலு தடவை வீணானதும் ஐந்தாவது எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை.

ஏரிக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. காரை ஏற்றும் செலவு மழை வந்தாலும் வராவிட்டாலும் போனது போனதுதான். ஏரியில் விட்ட நீரோ, பெருமழை வந்தால் திரும்ப நிரம்பிவிடும். மழை பொய்த்தால் மட்டுமே அது செலவு. ஆகவே வரம்பு: செலவு ÷ (செலவு + தவிர்க்கும் இழப்பு).

எண் போடுவோம். இவை எடுத்துக்காட்டுக்கான ஊகங்கள், உங்கள் மனுவில் துறையின் எண்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். 1,416 கோடி லிட்டரைக் கடல்நீரைக் குடிநீராக்கி ஈடுகட்ட, ஆயிரம் லிட்டருக்கு 50 ரூபாய் என்றால், சுமார் 70 கோடி ரூபாய். 7 மணி நேர அவகாசத்தால் தவிர்க்கப்படும் வெள்ளச் சேதம் 500 கோடி என்று வையுங்கள்.

நவம்பர் முதல் வாரம்: பருவம் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. விட்ட நீர் பின்னால் வரும் மழையில் நிரம்பும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால், உண்மையான செலவு 70-இல் ஐந்தில் ஒரு பங்கு, 14 கோடி. வரம்பு 14 ÷ 514, அதாவது 2.7 சதவீதம். பெருவெள்ள வாய்ப்பு அதைத் தாண்டினாலே திறக்கலாம்.

டிசம்பர் 20: திரும்ப நிரம்பும் வாய்ப்பு 10 சதவீதம்தான். செலவு 63 கோடி. வரம்பு 63 ÷ 563, 11 சதவீதம்.

அதே ஏரி, அதே அறிவிப்பு, அதே 500 மில்லியன் கன அடி. தேதி மாறியதால் வரம்பு நான்கு மடங்காகிறது. 'முன்னெச்சரிக்கை எந்தப் பக்கம்' என்ற சண்டைக்குப் பதில் இதில் இருக்கிறது: நவம்பரில் வெள்ளத்தின் பக்கம், டிசம்பர் பிற்பகுதியில் குடிநீரின் பக்கம். ஆண்டு முழுக்க ஒரே நீர்மட்டத்தை, '22 அடி' என்பதுபோல, வைக்காமல், வாரவாரியாக எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற அட்டவணை கேளுங்கள். அக்டோபரில் அதிக இடம், டிசம்பர் கடைசியில் இடமே வேண்டாம், முழுக்க நிரப்பலாம்.

இன்னொன்று, இது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மேலே 5.8 நாள், 28 மணி நேரம் என்று வந்த எண்களைப் பாருங்கள். ஆறு நாள் முன்னால் ஒரு புயல் எங்கே கரை கடக்கும் என்பது தெளிவாக இருக்காது, ஒரு நாள் முன்னால் ஓரளவு தெரியும். அடையாறு 1,000 கன அடியைத்தான் சேதமில்லாமல் தாங்கும் என்றால், ஆறு நாள் முன்னால், ஒன்றும் தெரியாத நிலையில் முடிவெடுக்க வேண்டும். ஆறு 5,000-ஐத் தாங்கும் என்றால், காத்திருந்து, தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம். தூர்வாருவதும் முகத்துவாரத்தில் மணல் திட்டை அகற்றுவதும் வெள்ளத்தைக் குறைப்பதோடு, நிச்சயமின்மையில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தையும் குறைக்கின்றன. மனுவில் இந்த வாதத்தை அவசியம் சேருங்கள், நிதி கேட்க இதைவிட வலுவான காரணம் இல்லை.

---

கரையோரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தேதியைப் பொறுத்து வரம்பு மாறும் என்பது எங்கள் வரைவில் எங்குமே இல்லை. ஒரு சந்தேகம். இப்படி ஓர் அட்டவணை போட்டுவிட்டால், ஓர் ஆண்டு மழை பொய்த்ததும் "போன வருஷம் வீணாகத் திறந்தீர்கள்" என்று அரசியல் நெருக்கடி வந்து, அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடுவார்களே? அல்லது அதே அட்டவணை யாரும் தொடாமல் இருபது வருஷம் அப்படியே கிடக்குமே?

---

தரக்கட்டுப்பாடு எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டாவது பயம்தான் இந்தக் கோட்பாட்டின் உண்மையான நோய். ஏரியை விட்டு வெளியே வந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பூச்சி தாக்காதபடி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய். மத்திய மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் அனுமதித்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முன்னெச்சரிக்கையைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்தார். அன்றைய நிலையில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் எந்தச் சோதனையை, யார், எத்தனை ஆண்டில் முடித்தால் முடிவு மறுபரிசீலிக்கப்படும் என்று தேதியோடு எழுதப்படவில்லை. வங்கதேசம் 2014-இல் பயிரிடவே தொடங்கிவிட்டது. இங்கே 'தற்காலிகம்' அப்படியே நிற்கிறது. அனுமதிக்கலாம் என்றும் உறுதியாகவில்லை, கூடாது என்றும் உறுதியாகவில்லை. நிச்சயமின்மையைக் குறைக்க ஏற்பாடு செய்யாமல் தடை மட்டும் போட்டால் இதுதான் நடக்கும்.

இதற்கு மாற்றான சட்ட வாசகம் நம் நாட்டிலேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 18. அதில் 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்று பெயர் சொல்லாமலே கோட்பாட்டை நான்கு பாகமாக ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். கையிலுள்ள தகவலை மதிப்பிட்டதில் தீங்குக்கு வாய்ப்பு தெரிய வேண்டும். அறிவியல் நிச்சயமின்மை நீடித்தால் தற்காலிக நடவடிக்கை எடுக்கலாம். அது தேவையைத் தாண்டாத அளவில், தொழில்நுட்ப, பொருளாதார நடைமுறைச் சாத்தியத்தைப் பார்த்து இருக்க வேண்டும். உரிய காலத்துக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும். உங்கள் மனுவுக்கு ஏரி, ஆறு என்று சொற்களை மாற்றி இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதே சட்டத்தின் பிரிவு 30(2)(அ) ஓர் உணவுப்பொருளை அதிகபட்சம் ஓராண்டு தடை செய்ய ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு பச்சை முட்டை மயோனைசைத் தடை செய்தது இதன்கீழ்தான், ஓராண்டுக்கு. குட்காவுக்கு 2013 முதல் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். தற்காலிக அதிகாரத்தை வைத்து நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. குட்கா கேடானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அப்படித் தெரிந்த தீங்குக்கு நிரந்தரச் சட்டம்தான் வேண்டும், தெரியாத தீங்குக்கான தற்காலிகக் கருவி அல்ல.

இந்த வேறுபாட்டில் சட்டக்குறிப்பு அவர்களோடு ஒரு கருத்து வேற்றுமை. வேலூர் வழக்கையே எடுத்துக்கொண்டால், அங்கே என்ன நிச்சயமின்மை இருந்தது? திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற ஆய்வு தீர்ப்பிலேயே மேற்கோளாக இருக்கிறது. அது கண்ணெதிரே நடந்துவிட்ட கேடு. தடுப்பும், மாசுபடுத்தியவரே ஈடு செய்யும் கோட்பாடும் போதும். நம் நீதிமன்றங்கள் தொடக்கத்திலிருந்தே தெரிந்த ஆபத்தையும் தெரியாத ஆபத்தையும் ஒரே பெயரில் கூப்பிட்டதால், இன்றைக்கு மனுக்களில் 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்பது எதற்கும் போடும் முத்திரையாகிவிட்டது. செம்பரம்பாக்கத்திலும் பெரும்பகுதி தெரிந்த விஷயம்: கொள்ளளவு தெரியும், மதகின் திறன் தெரியும், தாழ்வான தெருக்கள் தெரியும். தெரியாதது மழை மட்டும். தெரிந்ததற்குத் திட்டம் கேளுங்கள், தெரியாததற்கு வரம்பும் மறு ஆய்வும் கேளுங்கள்.

முதல் பயத்துக்கு: ஆண்டு முடிந்ததும் 'மழை வந்ததா' என்று பார்த்து அதிகாரியைக் கேள்வி கேட்காமல், 'அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அட்டவணைப்படி நடந்தாரா' என்று மட்டும் கேட்க வேண்டும் என விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். விதிப்படி திறந்து மழை பொய்த்தால் அந்தப் பொறியாளருக்குப் பாதுகாப்பு வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பொறியாளரும் கடைசி நிமிடம் வரை மேலிட உத்தரவுக்காகத்தான் காத்திருப்பார்.

---

சட்டக்குறிப்பு எழுதியது:

வேலூர் பற்றிய விமர்சனத்தை ஏற்கிறேன். வழக்கின் உண்மைகளுக்கு அந்தக் கோட்பாடு தேவைப்படவே இல்லை. ஆனாலும் மனுவில் மேற்கோள் காட்ட அதைவிட்டால் வேறு தொடக்கம் கிடையாது. முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்தில்லை.

---

கலங்கல் எழுதியது:

வரைவு வரிக்குப் பதிலாக இதை வைத்துப் பாருங்கள், திருத்திக்கொள்ளுங்கள்:

"அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு வாரத்துக்கும் செம்பரம்பாக்கம் ஏரியில் காலியாக இருக்க வேண்டிய கொள்ளளவை மில்லியன் கன அடியில் குறித்து, செப்டம்பர் 30-க்குள் வெளியிட வேண்டும். மேல் ஏரிகள் கலங்கல் பாயும் நிலையில், நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மிகக் கனமழை அல்லது அதற்கு மேலான அறிவிப்பு வந்தால், முதலில் இணைப்புக் கால்வாய் வரத்தை நிறுத்த வேண்டும். அடுத்து, கரையோரத் தாழ்வான பகுதிகளுக்கு அறிவித்த பின், 500, 1,000, 2,000 கன அடி எனப் படிப்படியாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் உத்தரவிடும் அலுவலரின் பதவி குறிப்பிடப்பட வேண்டும். அவர் மேலிட அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும்."

இதில் 'மேலிட அனுமதி தேவையில்லை' என்பதைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வரத்து ஏறும்போது கோப்பு மேலே போய்க் கீழே வர மூன்று மணி நேரம் ஆனால், ஏழு மணி நேர அவகாசத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும்.

படிப்படியாகத் திறக்கச் சொல்வதற்குக் காரணம், ஆற்றுக்குள் இறங்கியிருக்கும் மாடு, ஆட்கள், தரைப்பாலத்தில் போகும் வண்டி. திடீரென்று 5,000 விட்டால் வெள்ளத்தைத் தடுக்கப் போய் நாமே ஒரு விபத்தை உண்டாக்குவோம். முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் எந்த நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புயல் கரையை நெருங்கும் முன்பே முன்திறப்பு முடிந்திருக்க வேண்டும். கடல் எதிர்த்து நிற்கும்போது விட்ட நீர் கோட்டூர்புரத்திலேயே தேங்கும்.

மனு கொடுக்கும் அதே நாளில் நீர்வளத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1)-இன்கீழ் ஒரு விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், பதில் 30 நாளில் வர வேண்டும். மூன்று மட்டும் கேளுங்கள்: கடந்த ஐந்து பருவங்களின் மணிவாரி நீர்மட்டம், வரத்து, திறப்பு பதிவேட்டின் நகல். நடைமுறையில் உள்ள மதகு இயக்க விதிமுறையின் நகல். திருநீர்மலையிலிருந்து கடல் வரை அடையாறு சேதமின்றித் தாங்கும் அளவு எவ்வளவு கன அடி, அது கடைசியாக எப்போது அளக்கப்பட்டது. மூன்றாவதற்கு வரும் பதிலை வைத்துத்தான் மேலே சொன்ன 500, 1,000, 2,000 படிகளைத் திருத்த வேண்டியிருக்கும்.